கிடை அச்சில் உயரமா, நேரமா? ஆற்றல் வரைபடம் போடுவதற்கு முன் ஒரு முடிவு

இருபது மீட்டர் உயரத் தென்னை. உச்சியிலிருந்து ஒரு கிலோ நெற்று ஒன்று காம்பு விட்டு விழுகிறது. தரையைத் தொடும் வரை, உயரத்தால் வரும் அதன் நிலை ஆற்றலும் வேகத்தால் வரும் இயக்க ஆற்றலும் எப்படி மாறும் என்று வரைபடம் போட்டு வரும்படி பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் இரண்டு நோட்டுகள் சண்டைக்கு வந்தன. ஒன்றில் பெருக்கல் குறி போல இரண்டு நேர்கோடுகள். இன்னொன்றில் இரண்டு வளைவுகள்.

"சார், இவன் தப்பாப் போட்டிருக்கான்."

"இல்ல சார், அவதான் ஸ்கேல் வெச்சு சும்மா கோடு இழுத்துட்டா."

இரண்டுமே சரி. அவள் கிடை அச்சில் உயரத்தை வைத்திருந்தாள், அவன் நேரத்தை வைத்திருந்தான். எதைப் பொறுத்து வரைய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து பாடம் எடுக்கும்போதும், கண்காட்சிக்குப் படம் போடும்போதும், பிள்ளைகள் தனியாகப் படிக்கும்போதும் இந்த ஒரு முடிவை முதலில் எடுக்கச் சொல்கிறேன். செங்குத்து அச்சில் ஆற்றலின் அலகான ஜூல்தான் வரும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கிடை அச்சில் எதை வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் வரைபடம் சில விஷயங்களைக் காட்டும், சிலவற்றை மறைக்கும்.

இலங்கையில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் அழுத்த சக்தி என்பதைத்தான் இங்கே நிலை ஆற்றல் என்கிறோம். கணக்கு ஒன்றே. ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொள்கிறேன், காற்றின் தடையை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

முதலில் உயரம். உச்சியில் நிலை ஆற்றல் 200 ஜூல், இயக்க ஆற்றல் பூஜ்யம். 15 மீட்டரில் 150, 50. பாதி உயரமான 10 மீட்டரில் இரண்டும் 100. தரையைத் தொடும் கணத்தில் 0, 200. நிலை ஆற்றல் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் அது நேர்கோடு. மொத்தம் மாறாததால் மற்றதும் நேர்கோடாகத்தான் இருந்தாக வேண்டும். மேலே 200-இல் படுக்கையாக மூன்றாவது கோடு ஒன்று போட்டுவிட்டால், எந்த உயரத்தில் கூட்டினாலும் 200 வருவது கண்ணுக்கே தெரிகிறது. ஆற்றல் மாறா விதியைக் காட்டுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இதைவிடச் சுத்தமான படம் கிடையாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதே ஒரு கிலோப் பொருள் வழுவழுப்பான சறுக்குமரத்தில் சறுக்கி வந்தாலும், கயிற்றில் தொங்கி ஊஞ்சல் போல ஆடி வந்தாலும், 20 மீட்டரிலிருந்து நிலையாகக் கிளம்பியிருந்தால் உயரத்தைப் பொறுத்த வரைபடம் அச்சு அசலாக இதேதான். வந்த வழியை இந்தப் படம் கேட்பதே இல்லை. கலிலியோ 1638-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் ஊசல் சோதனை வருகிறது. ஊசல் ஆடிவரும் வழியில் ஓர் ஆணியை அடித்து நூலை இடைமறித்தாலும், குண்டு மறுபுறம் ஏறக்குறைய அதே மட்டத்துக்கு ஏறிவிடுகிறது. நூல் குட்டையாகிவிட்டது, பாதை மாறிவிட்டது, உயரம் மட்டும் மாறவில்லை. அந்தச் சோதனையை வரைபடமாக்க வேண்டுமானால் உயரத்தைத் தவிர வேறு அச்சு பொருந்தாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நெற்று 20 மீட்டரில் தொடங்குகிறது, அதாவது வரைபடத்தின் வலது ஓரத்தில். அங்கிருந்து இடது பக்கமாக நகர்கிறது. நாம் படிப்பதோ இடமிருந்து வலம். அதனால் "இயக்க ஆற்றல் குறைஞ்சுக்கிட்டே வருது சார்" என்று தைரியமாகச் சொல்லும் பிள்ளை ஒவ்வொரு வருஷமும் ஒன்றாவது உண்டு. கோடு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது, பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சிலர் இதற்காக உயரத்துக்குப் பதில் விழுந்த தூரத்தை அச்சில் வைப்பார்கள். படம் இடமிருந்து வலமாக ஓடும், சரி. ஆனால் நிலை ஆற்றல் கோட்டின் சாய்வை உயரத்தோடு சேர்த்துப் படிக்கும் வசதி போய்விடும். உயர வரைபடத்தில் அந்தச் சாய்வு மீட்டருக்குப் பத்து ஜூல், அதாவது பத்து நியூட்டன். அதுதான் நெற்றின் எடை. இதை இழக்க எனக்கு மனம் வராது. நான் உயரத்தையே வைத்து, நெற்று போகும் திசையைச் சிவப்பு மையில் ஓர் அம்புக்குறியால் காட்டிவிடுவேன்.

இனி நேரம். 20 மீட்டர் விழ 2 நொடி. நொடியின் வர்க்கத்தை 50-ஆல் பெருக்கினால் இயக்க ஆற்றல், அதை 200-இலிருந்து கழித்தால் நிலை ஆற்றல். அரை நொடியில் இயக்க ஆற்றல் வெறும் 12.5 ஜூல். ஒரு நொடியில் 50. ஒன்றரை நொடியில் 112.5. இரண்டாவது நொடியின் முடிவில் 200. வளைவு முதலில் சோம்பலாகக் கிடந்து, கடைசியில் விறுவிறுவென்று ஏறுகிறது. விழுவதைப் பார்த்த கண்ணுக்கு இது பழகிய கதை, அதனால்தான் பையனுக்கு இந்தப் படம் இயல்பாக வந்திருக்கிறது.

நேர வரைபடத்தில் பிள்ளைகள் விழும் குழி ஒன்று உண்டு. இரண்டு வளைவுகளும் சந்திக்கும் புள்ளியை ஒரு நொடியில், அதாவது நடுவில் குறித்துவிடுவார்கள். உயர வரைபடத்தில் நடுவில்தானே சந்தித்தன! உண்மையில் சந்திப்பது 1.41 நொடியில். மேல் பாதி 10 மீட்டரைக் கடக்க 1.41 நொடி ஆகிறது, கீழ்ப் பாதியை 0.59 நொடியில் முடித்துவிடுகிறது. மொத்த நேரத்தில் பத்தில் ஏழு பங்கை நெற்று மேல் பாதியிலேயே கழிக்கிறது.

இதிலிருந்து வரும் ஒரு கேள்வியை நான் மிகவும் ரசிப்பேன். விழும்போது நெற்றின் சராசரி இயக்க ஆற்றல் எவ்வளவு? உயர வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்ப்பவர், பூஜ்யத்திலிருந்து 200 வரை நேர்கோடு, ஆகவே 100 என்பார். நேர வரைபடம் வைத்திருப்பவர் வளைவின் கீழுள்ள பரப்பை 2 நொடியால் வகுத்துப் பார்த்தால் 66.7 வரும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஒரே நெற்று, ஒரே வீழ்ச்சி, இரண்டு சராசரி. இரண்டும் சரி, ஏனென்றால் எதைச் சமமான துண்டுகளாக வெட்டிச் சராசரி எடுக்கிறோம் என்பது மாறியிருக்கிறது. போட்டித் தேர்வில் "நேரத்தைப் பொறுத்த சராசரி" என்று அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துக் கேட்பதன் காரணம் இதுதான். கேள்வியை அவசரத்தில் பாதி படித்தவர் தவறான அச்சில் வேலை செய்துவிட்டு வருவார்.

சுருள்வில்லுக்குப் போனால் எண்களே மாறிவிடும். மீட்டருக்கு 200 நியூட்டன் விறைப்புள்ள வில்லை 10 செ.மீ. இழுத்துவிட்டால் மொத்த ஆற்றல் சரியாக 1 ஜூல். நேரத்தை அச்சில் வைத்தால் நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் ஒன்றுக்கொன்று எதிராக ஏறி இறங்கும் இரண்டு அலைகள். வில் ஒருமுறை முழுதாக ஆடி முடிப்பதற்குள் ஒவ்வோர் ஆற்றலும் இருமுறை உச்சம் தொட்டுவிடும். சராசரி ஆளுக்குப் பாதி. இடப்பெயர்ச்சியை அச்சில் வைத்தாலோ, கிண்ணம் போல ஒரு பரவளையமும் கவிழ்த்த கிண்ணம் போல இன்னொன்றும் வரும். அங்கே சராசரி எடுத்தால் நிலை ஆற்றலுக்கு மூன்றில் ஒன்று, இயக்க ஆற்றலுக்கு மூன்றில் இரண்டு. சந்திப்பது 5 செ.மீ.யில் இல்லை, 7.07 செ.மீ.யில். பாதித் தூரத்தில் நிலை ஆற்றல் கால் ஜூல்தான். தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் வில்லுக்கு இரண்டு படங்களையும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன்.

வேகத்தை அச்சில் வைக்கும் மூன்றாவது வழியும் இருக்கிறது. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற ஒன்றை மட்டும் அது நன்றாகச் சொல்லும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு அறிஞர் கிராவசாண்டே உலோகக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு ஆழமானது. அந்தப் பாடத்தை நடத்தும் அன்று வேகம் பொருத்தமான அச்சு. மற்ற நாட்களில் வேண்டாம்.

வகுப்பு ஒன்பது, பத்து என்றால் அச்சே வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். மரத்தின் படத்தை வரைந்து, நான்கு இடங்களில் நெற்றைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு பட்டைகள் போட்டால் போதும். ஒன்று குறையக் குறைய மற்றது வளர்கிறது, சேர்த்து அடுக்கினால் எப்போதும் ஒரே உயரம். வட்டப்படம் போடுபவர்களும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் இணைய விளையாட்டில் சறுக்குப் பலகை ஓட்டும் பையனின் தலைக்கு மேல் ஒரு குட்டி வட்டம் கூடவே ஓடும், சின்னப் பிள்ளைகளுக்கு அது கொள்ளைப் பிரியம்.

ஆனால் வட்டத்தால் தாங்க முடியாத ஒன்று இருக்கிறது. தென்னைக்குப் பக்கத்தில் 10 மீட்டர் ஆழக் கிணறு இருந்து, நெற்று அதற்குள் விழுந்தால் என்ன ஆகும்? தரையைப் பூஜ்யம் என்று வைத்திருந்தால் கிணற்றின் அடியில் நிலை ஆற்றல் கழித்தல் 100 ஜூல், இயக்க ஆற்றல் 300, கூட்டினால் அதே 200. வட்டத்தில் கழித்தல் 100-ஐ எந்தத் துண்டாக வெட்டுவது? பட்டையைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. கோட்டு வரைபடத்தில் நிலை ஆற்றல் கோட்டை அச்சுக்குக் கீழே நீட்டினால் போதும். பூஜ்யத்தைக் கிணற்றின் அடிக்கு மாற்றினால் நிலை ஆற்றல் கோடும் மொத்தக் கோடும் 100 ஜூல் மேலே நகரும், இயக்க ஆற்றல் கோடு இருந்த இடத்தில் இருக்கும். அதனால் வட்டப்படத்தை நான் பாடத்துக்குப் பயன்படுத்துவதில்லை. கண்காட்சிச் சுவருக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

பட்டையை விட்டு மேலே வந்துவிட்டவர்களுக்கு, பன்னிரண்டாம் வகுப்புக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்களுக்கு, நான் கையில் கொடுக்க நினைப்பது வேறொரு படம். அதில் இயக்க ஆற்றலுக்குக் கோடே கிடையாது. கிடை அச்சில் இடம், நிலை ஆற்றலுக்கு ஒரு வளைவு, மொத்த ஆற்றலுக்கு ஒரு படுக்கைக் கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இயக்க ஆற்றல். கோடும் வளைவும் தொடும் இடத்தில் பொருள் நின்று திரும்பும். கோட்டுக்கு மேலே வளைவு எழும் பகுதிக்குள் அது போகவே முடியாது. வளைவு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் விசை தள்ளும். மூன்று கோடு போட்டுச் சொல்வதைவிட இந்த இரண்டு கோடு அதிகம் சொல்கிறது.

இதன் அருமை தென்னை மரத்தில் தெரியாது, சந்திரயான் 3-இல் தெரியும். 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் அதைப் பூமிக்கு மிக அருகில் 170 கி.மீ., மிகத் தொலைவில் 36,500 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விட்டது. இந்த முறை தரையில் அல்ல, முடிவில்லாத தொலைவில் நிலை ஆற்றல் பூஜ்யம் என்று வைத்துக் கிலோவுக்குக் கணக்குப் போட்டால், அருகில் இருக்கும்போது நிலை ஆற்றல் சுமார் கழித்தல் 60.9 மெகாஜூல், இயக்க ஆற்றல் 52.8. தொலைவில் இருக்கும்போது கழித்தல் 9.3, இயக்க ஆற்றல் 1.2. மொத்தம் இரண்டு இடத்திலும் கழித்தல் 8.1. வேகம் நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேலிருந்து ஒன்றரைக்கு இறங்குகிறது. பூமியின் மையத்திலிருந்து உள்ள தூரத்தை அச்சில் வைத்தால் நிலை ஆற்றல் ஆழமான ஒரு குழி, மொத்த ஆற்றல் அந்தக் குழியின் விளிம்புக்குக் கீழே ஒரு படுக்கைக் கோடு. அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் வரை கலம் பூமியின் பிடியில்தான். அடுத்தடுத்த நாட்களில் எஞ்சினை இயக்கிச் சுற்றுப்பாதையை உயர்த்தியதெல்லாம் இந்தப் படத்தில் அந்தக் கோட்டைப் படிப்படியாக மேலே தள்ளிய வேலை. நேரத்தை அச்சில் வைத்திருந்தால் சுமார் 10.7 மணி நேரச் சுற்றில் பெரும்பகுதி தட்டையாக, அருகே வரும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஊசி மாதிரி ஒரு முனையாகத் தெரிந்திருக்கும். கலம் எங்கே சோம்பிக் கிடக்கிறது என்று தெரியும். பூமியை விட்டுப் போகுமா போகாதா என்பது சட்டென்று தெரியாது.

இந்தப் படத்துக்கும் ஒரு பக்கவிளைவு உண்டு, சொல்லிவிடுகிறேன். வளைவைப் பார்த்ததும் பிள்ளைகள் அதை மலையும் பள்ளமுமாக நினைத்து, பொருள் அந்த வளைவின்மேல் உருண்டு போவதாக எடுத்துக்கொள்வார்கள். சறுக்குமரத்துக்கு அது பொருந்தும். கிடைமட்டத்தில் ஆடும் வில்லுக்குப் பொருந்தாது, அங்கே எதுவும் மேலே ஏறுவதில்லை. முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் நல்லது.

இதுவரை ஆற்றல் இழப்பைத் தள்ளிவைத்திருந்தேன். அதைச் சேர்த்தால் என் தீர்ப்பு தலைகீழாகிவிடும். தெருக் கிரிக்கெட்டில் புழங்கும் டென்னிஸ் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச டென்னிஸ் விதிப்படி வழக்கமான பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான சமதளத்தில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அதாவது ஒரே துள்ளலில் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கைவிட்டுப் போகிறது. 58 கிராம் பந்துக்கு ஏறக்குறைய ஒன்றரை ஜூலில் தொடங்கி 0.8 ஜூல் பக்கம் வந்து நிற்கும். உயரத்தை அச்சில் வைத்தால் ஒவ்வொரு துள்ளலுக்கும் தனித்தனிக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எந்தக் கோடு எந்தத் துள்ளல் என்று யாருக்கும் புரியாது. நேரத்தை வைத்தால் மொத்த ஆற்றல் படிக்கட்டு போல இறங்குகிறது. தரையைத் தொடும் கணத்தில் மட்டும் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் இரண்டின் கூட்டுத்தொகை சட்டென்று விழுந்து எழும். அந்தச் சிறு நேரத்தில் ஆற்றலை நசுங்கிய பந்து வைத்திருக்கிறது, அதை நாம் வரையவில்லை. எங்கே எப்போது இழப்பு நேர்ந்தது என்று கேட்கும் எந்தக் கணக்குக்கும் நேரம்தான் அச்சு.

செல்போனில் படம் பிடித்து இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிராக்கர் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு சட்டகத்திலும் பந்தின் இடத்தைக் குறிக்கலாம். அதிலிருந்து நிலை ஆற்றல் நேரடியாக வந்துவிடும். வேகம் அப்படி இல்லை, அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் கழித்துத்தான் கிடைக்கும், அப்புறம் அதை வர்க்கமாக்க வேண்டும். வேகத்தில் ஐந்து சதவீதம் பிசகினால் இயக்க ஆற்றலில் பத்து சதவீதம் பிசகும். நொடிக்கு 30 சட்டகம் எடுக்கும் கேமராவில், தரைக்கு அருகே வரும் பந்து ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்குள் கிட்டத்தட்ட 24 செ.மீ. தாண்டிவிடும், படமும் கலங்கியிருக்கும். மொத்தக் கோடு நடுங்குகிறதே என்று விதியைச் சந்தேகிக்க வேண்டாம். நொடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருந்தால் அதை வைத்து மறுபடி எடுங்கள். முதல் முறை கற்பவர்களுக்கு எந்த மென்பொருளையும் நான் தருவதில்லை. வரைபடத் தாள், பென்சில், ஐந்து புள்ளிகள்.

சண்டைக்கு வந்த இருவருக்கும் கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். ஒரே தாளில் இடப்பக்கம் அவள் படம், வலப்பக்கம் அவன் படம், செங்குத்து அச்சில் ஜூலின் அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே. பிறகு 150 ஜூல் மட்டத்தில் ஸ்கேலை வைத்துத் தாள் முழுக்கப் படுக்கையாகக் கோடு இழுக்கச் சொன்னேன். இடப்பக்கம் நிலை ஆற்றலை 15 மீட்டரில் வெட்டியது, வலப்பக்கம் ஒரு நொடியில். அடுத்து 100 ஜூல். இடப்பக்கம் நட்டநடுவில். வலப்பக்கம் கோடு எங்கே வெட்டுகிறது என்று அவள்தான் கட்டங்களை எண்ணினாள்: 1.4-ஐத் தாண்டிக் கொஞ்சம். அவன் தன் படத்தில் ஒரு நொடியில் குறித்து வைத்திருந்த சந்திப்புப் புள்ளியை ஒன்றும் சொல்லாமல் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தான்.